கொரியா 1950: 38-வது கோட்டைத் தாண்டியிருக்க வேண்டுமா?

வைகைக்கரை எழுதியது:

பனிப்போர் பற்றிப் பேச்சு வந்தாலே வியட்நாம், கியூபா என்று போய்விடுகிறோம். கொரியாவை யாரும் தொடுவதில்லை. ஆனால் கம்யூனிசம் பரவாமல் தடுப்போம் என்று அமெரிக்கா வகுத்த கொள்கை எங்கே தடம் மாறியது என்று கேட்டால், நான் 1950 அக்டோபர் கொரியாவைத்தான் காட்டுவேன்.

என் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1946 பிப்ரவரியில் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்திலிருந்து அதிகாரி ஜார்ஜ் கென்னன் அனுப்பிய நீண்ட தந்தியும், அடுத்த ஆண்டு புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரையும் சொன்னது இதைத்தான்: சோவியத் யூனியனோடு போருக்குப் போகவேண்டாம், அது விரியப் பார்க்கும் இடங்களில் பொறுமையாக, உறுதியாகத் தடுத்து நிறுத்தினால் போதும், காலப்போக்கில் உள்ளுக்குள் அதுவே தளர்ந்துவிடும். 1947 மார்ச் 12-ல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு அமெரிக்க அதிபர் ட்ரூமன் காங்கிரஸில் பேசியதும் இந்த அடிப்படையில்தான். இருக்கும் இடத்தில் தடுப்பது. எதிரியின் வீட்டுக்குள் போவது அல்ல.

இப்போது கொரியாவுக்கு வருவோம். 1950 ஜூன் 25-ல் வடகொரியத் தலைவர் கிம் இல் சுங்கின் படை, வடக்கையும் தெற்கையும் பிரித்த 38-வது கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கியது. செப்டம்பர் 15-ல் ஐ.நா. படையின் தளபதியான அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர், சியோலுக்குப் பக்கத்தில் இருக்கும் இஞ்சோனில் தரையிறங்கினார். அந்த மாதம் முடிவதற்குள் சியோல் மீட்கப்பட்டு, வடகொரியப் படை சிதறிவிட்டது. தடுக்க வந்தார்கள், தடுத்துவிட்டார்கள். அங்கேயே நின்றிருந்தால் போர் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். நிற்கவில்லை. சீன எல்லையில் இருக்கும் யாலு நதி வரை போனார்கள், சீனா உள்ளே வந்தது. 1953 ஜூலை 27-ல் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது கோடு ஏறக்குறைய பழைய இடத்தில்தான் இருந்தது.

இதில் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அக்டோபர் 3 அதிகாலை, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பெய்ஜிங்கில் இருந்த நம் தூதர் கே.எம். பணிக்கரைச் சீனப் பிரதமர் சூ என்லாய் கூப்பிட்டு அனுப்பினார். தென்கொரியப் படை மட்டும் கோட்டைத் தாண்டினால் பரவாயில்லை, அமெரிக்கப் படை தாண்டினால் சீனா தலையிடும் என்று நேராகச் சொன்னார். செய்தி டெல்லி வழியாக லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போனது. வாஷிங்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பணிக்கர் சீனா பக்கம் சாய்ந்தவர் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இதைப் பற்றி இங்கே உள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


செந்தூர்_பாலன் எழுதியது:

வைகைக்கரை, நடந்தது எல்லாம் தெரிந்தபிறகு உட்கார்ந்து சொல்வது எளிது. 1950 செப்டம்பர் கடைசியில் ட்ரூமன் இருந்த நிலையில் இருந்து பாருங்கள்.

கோட்டோடு நின்றால் என்ன ஆகும்? கிம் இல் சுங்கின் அரசு அப்படியே இருக்கும். ஆயுதம் கொடுக்கச் சோவியத் யூனியன் பின்னால் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து மறுபடி வருவார். அந்த 38-வது கோடு மலையோ ஆறோ அல்ல, காவல் காக்கவே லாயக்கில்லாத வெறும் அட்சரேகை. அப்புறம், ஐ.நா. பொதுச்சபை ஒன்றுபட்ட சுதந்திரக் கொரியா வேண்டும் என்று 1947 முதலே சொல்லிவந்தது. அக்டோபர் 7-ல் நிறைவேறிய தீர்மானத்துக்கு 47 நாடுகள் ஆதரவு. இது மெக்கார்தர் என்ற ஒரு தளபதியின் வெறியால் மட்டும் நடந்த காரியம் இல்லை.

உள்நாட்டு நெருக்கடியையும் மறக்கக்கூடாது. 1949-ல் ஆகஸ்டில் சோவியத் அணுகுண்டு, அக்டோபரில் மாவோவின் வெற்றி. சீனாவைக் கோட்டைவிட்டது யார் என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1950 பிப்ரவரியில் செனட்டர் மெக்கார்த்தி தன் கம்யூனிஸ்ட் வேட்டையைத் தொடங்கிவிட்டார். நவம்பரில் காங்கிரஸ் தேர்தல். ஓடுகிற எதிரியைத் துரத்தாமல் நின்ற அதிபர் என்ற பெயரோடு அந்தத் தேர்தலை ட்ரூமன் எப்படிச் சந்தித்திருப்பார்?


முல்லைக்கொடி எழுதியது:

இரண்டு பேருமே 1950 ஜூன் மாதத்தில் கதையைத் தொடங்குகிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அந்தக் கோடு எப்படி வந்தது? 1945 ஆகஸ்ட் 10 இரவு. ஜப்பான் சரணடையப்போகிறது, சோவியத் படை ஏற்கெனவே கொரியாவுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு கர்னல்களிடம் பிரிக்க ஒரு இடம் பாருங்கள் என்று சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு நேஷனல் ஜியோகிராஃபிக் வரைபடம். அரை மணி நேரத்தில், சியோல் அமெரிக்கப் பக்கம் வருகிற மாதிரி ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டாலின் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார். 35 வருடம் ஜப்பானிடம் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு தெற்கில் நடந்ததற்குப் பெயரும் கம்யூனிசத் தடுப்புதான். தென்கொரியாவின் ஜேஜு தீவை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை நிரந்தரமாக இரண்டாக்கப்போகிற, தெற்கில் மட்டும் நடக்கும் தனித்தேர்தல் வேண்டாம் என்ற எதிர்ப்பு 1948 ஏப்ரல் 3-ல் கிளர்ச்சியாக வெடித்தது. தெற்கு அப்போது அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தது. ஆகஸ்டில் தென்கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீயின் அரசு வந்தபிறகு ஒடுக்குமுறை இன்னும் கொடூரமானது. மலையோர கிராமங்களை எரித்தார்கள். 25,000 முதல் 30,000 பேர் வரை செத்திருக்கலாம் என்பது அரசு விசாரணைக் குழுவின் கணிப்பு. தீவின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பல பத்தாண்டுகள் அதைப் பற்றி வாய் திறந்தாலே ஜெயில். 2003-ல்தான் அதிபர் ரோ மூ ஹ்யுன் மன்னிப்புக் கேட்டார். அங்கே இருக்கும் நினைவு அருங்காட்சியகத்தில் எழுத்தே பொறிக்காத ஒரு கல்லைப் படுக்கவைத்திருக்கிறார்கள். நடந்ததற்கு என்ன பெயர் என்று நாடு முடிவு செய்கிற நாளில் எழுதி நிமிர்த்துவோம் என்று.

போர் தொடங்கியதும் தெற்கில் இடதுசாரிகள் என்று பெயர் பதிவாகியிருந்தவர்களை ரீயின் போலீஸ் கும்பல் கும்பலாகச் சுட்டுப் புதைத்தது. வடக்கத்திப் படையும் தான் பிடித்த ஊர்களில் கொன்றது, அதையும் மறைக்கவில்லை. நான் சொல்வது, கோட்டைத் தாண்டியதில்தான் கொள்கை கெட்டது என்றால், அதற்கு முன்னால் அது நன்றாக இருந்தது என்று ஆகிறது. ஜேஜுக்காரர்களிடம் அதைச் சொல்ல முடியாது.


வைகைக்கரை எழுதியது:

முல்லைக்கொடி, ஜேஜு பற்றி எழுதியதற்கு நன்றி. தமிழில் இதைப் பற்றி எழுத்தே குறைவு. கொள்கை அதற்கு முன் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. அரசுகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட எல்லையை எப்போது மீறின என்பதே என் கேள்வி.

பாலன், நீங்கள் சொல்கிற தேர்தல் நெருக்கடி உண்மை. ஆனால் ஒன்று கவனியுங்கள். செப்டம்பரில் ட்ரூமன் ஒப்புதல் கொடுத்த ஆவணத்திலேயே, பெரிய சோவியத், சீனப் படைகள் உள்ளே வராத வரைதான், வருவோம் என்ற அறிவிப்பு இல்லாத வரைதான் வடக்கே போகலாம் என்று இருக்கிறது. சூ என்லாய் சொன்னது அந்த அறிவிப்பு இல்லையா? அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அமெரிக்காவுக்கும் பெய்ஜிங்குக்கும் நேரடித் தூதரக உறவே கிடையாது. பணிக்கர் வழியாகச் சொல்வதுதான் அவர்களுக்கு இருந்த வழி.

அக்டோபர் 15-ல் பசிபிக் கடலில் இருக்கும் வேக் தீவில் ட்ரூமன் மெக்கார்தரிடம் சீனா வருமா என்று கேட்கிறார். வாய்ப்பு மிகக் குறைவு, வந்தாலும் 50,000, 60,000 பேருக்கு மேல் யாலுவைக் கடக்க முடியாது என்கிறார் அவர். நான்கே நாளில் சீனப் படை ஆற்றைக் கடக்கத் தொடங்கிவிட்டது. இரவில் நடந்து, பகலில் மலைக்காட்டுக்குள் பதுங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நவம்பர் தொடக்கத்தில் வடகொரியாவின் உன்சானில் அமெரிக்கப் படையை அடித்துவிட்டு மறுபடி மலைக்குள் மறைந்தும் போனார்கள். அதுவே இரண்டாவது எச்சரிக்கை. அதற்குப் பிறகும் நவம்பர் 24-ல் மெக்கார்தர் இறுதித் தாக்குதல் தொடங்கினார், கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்கு என்று பேச்சு.


பனையோலை எழுதியது:

தம்பி வைகைக்கரை நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் சீனத் தரப்பை ஒரே எச்சரிக்கையாகச் சுருக்கிவிட்டார். 1990-களுக்குப் பிறகு ரஷ்ய, சீன ஆவணங்கள் வெளிவந்ததில் படம் கொஞ்சம் மாறியிருக்கிறது.

முதலாவது, சீனா தயாரானது அக்டோபரில் இல்லை. 1950 ஜூலையிலேயே வடகிழக்கு எல்லைப் படை என்று தனியாக அமைத்துத் துருப்புகளைக் குவிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் கொரியா மட்டும் இல்லை. ஜூன் 27-ல் ட்ரூமன் ஏழாவது கப்பற்படையைத் தைவான் நீரிணைக்கு அனுப்பினார் அல்லவா, தைவானை விடுவிக்கக் காத்திருந்த மாவோவுக்கு அது தன் மேல் தொடுத்த போராகவே பட்டது. ஜனவரியில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அச்சேசன் பேசியபோது அமெரிக்கப் பாதுகாப்பு வளையத்துக்குள் தைவானும் இல்லை, கொரியாவும் இல்லை. ஜூனில் இரண்டும் உள்ளே. இவர்கள் சொல்லுக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருந்தது.

இரண்டாவது, பெய்ஜிங்கில் ஒருமித்த கருத்து இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம்தான். லின் பியாவோ உடம்பு சரியில்லை என்று படைத்தலைமையை ஏற்கவில்லை, கடைசியில் பெங் தெஹுவாய் ஏற்றார். ஸ்டாலினோ, விமானப் பாதுகாப்பு தரத் தாமதமாகும் என்று பின்வாங்கினார். அக்டோபர் நடுவில் ஒரு கட்டத்தில் கொரியாவை விட்டு வெளியேறத் தயாராகுங்கள் என்று கிம் இல் சுங்குக்கே ஸ்டாலினிடமிருந்து தந்தி போனது. அதாவது கம்யூனிஸ்ட் முகாம் ஒரே தலை, ஒரே கை என்று வாஷிங்டன் நம்பிக்கொண்டிருந்த நாளில், மூன்று தலைநகரங்களும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

அதனால் கோட்டைத் தாண்டாவிட்டால் சீனா நிச்சயம் வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தயங்கிக்கொண்டிருந்தவர்களின் தயக்கத்தைப் போக்கியது அமெரிக்கப் படை வடக்கே ஏறியதுதான். மாவோவின் மூத்த மகன் ஆன்யிங் நவம்பர் 25-ல் விமானக் குண்டுவீச்சில் கொரியாவில் செத்தார். மாவோ கொடுத்த விலையில் அதுவும் ஒன்று.


ஆம்பல் எழுதியது:

இழையை முழுக்கப் படித்தேன். வரலாறு பாடமாக எடுத்துப் படிக்கிறேன், ஒரு சந்தேகம் கேட்கலாமா? கென்னன் இந்தச் சமயத்தில் என்ன சொன்னார்? தடுப்புக் கொள்கை அவர் யோசனை என்றால் அவர் கருத்து கேட்டிருப்பார்களே? என்.எஸ்.சி.-68 என்று பாடத்தில் வருகிறது, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?


பனையோலை எழுதியது:

தாராளமாகக் கேளம்மா. கென்னன் தென்கொரியாவைக் காப்பாற்றப் படை அனுப்பியதை ஆதரித்தார். கோட்டுக்கு வடக்கே போவதைக் கடுமையாக எதிர்த்தார். சோவியத் எல்லைக்கும் சீனாவின் மஞ்சூரியாவுக்கும் பக்கத்தில் போகப்போக ஆபத்து கூடும் என்று கோடையிலேயே எழுதிவைத்தார். ஆனால் அதற்குள் வெளியுறவுத் துறையில் அவர் செல்வாக்கு போய்விட்டது. கொள்கைத் திட்டக் குழுவின் தலைமை பால் நிட்சேயிடம் வந்திருந்தது. ஆகஸ்ட் கடைசியில் கென்னன் நீண்ட விடுப்பில் பிரின்ஸ்டன் போய்விட்டார்.

என்.எஸ்.சி.-68 என்பது 1950 ஏப்ரலில் நிட்சே தலைமையில் எழுதிய ரகசிய அறிக்கை. கென்னன் முக்கியமான சில இடங்களைக் காத்தால் போதும் என்றார்: பிரிட்டன், ரைன் பள்ளத்தாக்கு, ஜப்பான் மாதிரி தொழில்வளம் உள்ள இடங்கள். நிட்சேயின் அறிக்கையோ, எந்த இடத்தில் தோற்றாலும் எல்லா இடத்திலும் தோற்றதாக ஆகும் என்றது. ராணுவச் செலவைப் பலமடங்கு கூட்டச் சொன்னது. ட்ரூமன் முதலில் தயங்கினார், அப்போது பாதுகாப்பு பட்ஜெட் 1,300 கோடி டாலர் அளவில்தான். ஜூனில் கொரியா வெடித்தது, தயக்கம் போனது. போர் முடிவதற்குள் அது மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. அந்த அறிக்கையைச் செயலாக்கியது கொரியாதான் என்று பரீட்சையில் தைரியமாக எழுதலாம்.

கிரீஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். அங்கேயும் உள்நாட்டுப் போர், அமெரிக்க ஆயுதம், ஆலோசகர்கள், கடைசிக் கட்டத்தில் நாபாம் என்ற ஒட்டி எரியும் தீக்குண்டு எல்லாம் உண்டு. ராணுவக் குழுவின் தலைவர் ஜெனரல் வான் ஃப்ளீட். இதே ஆள்தான் 1951 ஏப்ரலில் கொரியாவில் எட்டாவது படைக்குத் தளபதியாக வந்தார். ஆனால் கிரீஸில் அமெரிக்கா தன் காலாட்படையை இறக்கவில்லை. கெரில்லாக்களைத் துரத்திக்கொண்டு அல்பேனியாவுக்குள்ளோ யூகோஸ்லாவியாவுக்குள்ளோ போகவும் இல்லை. 1948-ல் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார், கிரேக்கக் கம்யூனிஸ்டுகள் ஸ்டாலின் பக்கம் நின்றார்கள், 1949 ஜூலையில் டிட்டோ எல்லையை மூடிவிட்டார். போர் அக்டோபரில் முடிந்தது. எதிர்முகாமுக்குள் விழுந்த விரிசல் வேலை செய்யக் காத்திருந்தார்கள், அது பலித்தது. இடதுசாரிகளை அடைத்துவைத்த மாக்ரோனிசோஸ் தீவுச் சிறையில் வதைபட்டவர்களுக்கு அது வெற்றியாகத் தெரிந்திருக்காது, அது வேறு கணக்கு.


செந்தூர்_பாலன் எழுதியது:

ஐயா சொல்வதில் கிரீஸ் பற்றிய பகுதி சரி, ஆனால் ஒப்பீடு முழுக்கப் பொருந்தாது. கிரீஸில் எல்லை தாண்டிப் படையெடுப்பு நடக்கவில்லை. கொரியாவில் டாங்கிகளோடு ஒரு அரசு இன்னொரு அரசின் மேல் பாய்ந்தது.

வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன். கோட்டைத் தாண்டியது சரி, யாலு வரை போனது தப்பு. பியோங்யாங்குக்கும் வொன்சானுக்கும் நடுவில் தீபகற்பம் ஒடுங்குகிறது. அங்கே நின்றிருந்தால் காவல் காக்க எளிதான, குட்டையான எல்லை கிடைத்திருக்கும். தலைநகரத்தை இழந்த கிம்மும் செல்லாக்காசாகியிருப்பார். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் பெவின்கூட நவம்பரில் வடக்கே ஒரு ராணுவமற்ற பகுதி விடலாம் என்று யோசனை சொன்னார். மெக்கார்தர் காது கொடுத்துக் கேட்கவில்லை. அது தளபதியின் பிழை, அவரை அடக்காத ட்ரூமனின் பிழை. கொள்கையின் பிழை ஆகாது.

இன்னொன்று. இன்றைய தென்கொரியாவைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். அந்தத் தலையீடு இல்லாவிட்டால் அந்த ஐந்து கோடிப் பேரும் இன்று பியோங்யாங்கின் ஆட்சியில் இருந்திருப்பார்கள்.


வைகைக்கரை எழுதியது:

பாலன், தலையீட்டை நான் எங்கே எதிர்த்தேன்? ஜூன் முடிவு வேறு, அக்டோபர் முடிவு வேறு. தென்கொரியாவைக் காப்பாற்றியது ஜூன் முடிவு. அக்டோபர் முடிவு அதே தென்கொரியாவை மறுபடி பலி கொடுத்தது: 1951 ஜனவரி 4-ல் சியோல் இரண்டாவது முறையாக விழுந்தது, மார்ச்சில் மீண்டது. ஒன்பது மாதத்தில் ஒரு நகரம் நான்கு முறை கைமாறினால் அங்கே என்ன மிச்சம் இருக்கும்? வடக்கில் ஊரென்று சொல்ல எதுவும் நிற்காத அளவுக்குக் குண்டு போட்டார்கள். கொரியா முழுக்க அமெரிக்கா வீசிய குண்டு 6,35,000 டன், நாபாம் 32,000 டன்னுக்கு மேல்.

ஒடுங்கிய பகுதியில் நின்றிருந்தால் என்ற யோசனை வரைபடத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் சூ என்லாய் குறித்துச் சொன்ன எல்லை 38-வது கோடு.


எல்லைக்காவலன் எழுதியது:

ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரசியல் வாதத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நம் ஆட்கள் அங்கே செய்ததை யாரும் எழுதவில்லையே என்றுதான் வந்தேன்.

இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை, 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸை அனுப்பியது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1950 நவம்பரில் போய் இறங்கி, பியோங்யாங் வரை போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்த கையோடு சீனத் தாக்குதல், எல்லோரும் தெற்கே ஓடுகிறார்கள். வண்டி இல்லை, மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வாருங்கள் என்று உத்தரவு. சாமான் இல்லாத ஆம்புலன்ஸ் எதற்கு? ஸ்டேஷனில் ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். வாளியில் தண்ணீர் கைமாற்றிக் கைமாற்றி பாய்லரை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஜவான்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். பாலங்களைத் தகர்ப்பதற்கு முன் அந்த ரயிலை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்துவிட்டார்கள். அந்தச் சாமான்களை வைத்துத்தான் அடுத்த மூன்று வருடம் சிகிச்சை. 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையோடு ரங்கராஜும் குதித்தார், கூடவே ஒரு சிறிய மருத்துவக் குழு. மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

போர்நிறுத்தத்துக்குப் பிறகு நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளைப் பாதுகாக்க நம் காவல்படை போனது. சிங்மன் ரீ, இந்தியன் கால் தென்கொரிய மண்ணில் படக்கூடாது என்று அடம்பிடித்தார். அதனால் இஞ்சோன் கடலில் கப்பலிலிருந்தே ஹெலிகாப்டரில் ஏற்றி, நேராக ராணுவமற்ற பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆயிரக்கணக்கான ஆட்களையும் இப்படியே.


ஆம்பல் எழுதியது:

ஐயா, இது எங்கள் பாடத்தில் இல்லவே இல்லை. பனையோலை ஐயாவுக்கும் நன்றி. கைதிகள் விவகாரம் ஏன் இவ்வளவு பெரிதானது? பேச்சுவார்த்தை 1951-லேயே தொடங்கிவிட்டதே?


முல்லைக்கொடி எழுதியது:

ஆம்பல், 1951 ஜூலை 10-ல் கேசோங்கில் தொடங்கியது, பிறகு பான்முன்ஜோமுக்கு மாறியது. எல்லைக்கோடு பற்றி அந்த நவம்பரிலேயே கிட்டத்தட்ட உடன்பாடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பெரிதும் கைதிகள் பிரச்சினையில்தான் நின்றது.

ஜெனீவா ஒப்பந்தப்படி போர் முடிந்தால் எல்லாரையும் திருப்பி அனுப்பவேண்டும். ட்ரூமன், விருப்பமில்லாதவர்களை அனுப்பமாட்டேன் என்றார். மனிதாபிமானம் அதில் உண்மையாகவே இருந்தது. 1945-ல் சோவியத் கைதிகளை வலுக்கட்டாயமாக ஸ்டாலினிடம் ஒப்படைத்ததில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் கம்யூனிச நாட்டுக்குத் திரும்ப மறுக்கிற ஆயிரக்கணக்கான கைதிகள் என்பது பெரிய பிரசார வெற்றியும்கூட. முகாம்களுக்குள் கம்யூனிஸ்டுகள், கம்யூனிச எதிர்ப்பாளர்கள் என்று இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டது. திரும்பிப் போகிறேன் என்றவர்களைச் சில முகாம்களில் அடித்து, உடம்பில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்களைப் பச்சைகுத்தினார்கள். தென்கொரியாவின் கோஜே தீவில் 1952 மே மாதம் கைதிகள் முகாம் தளபதி ஜெனரல் டாட் என்பவரையே பிடித்துவைத்துக்கொண்டார்கள். இந்த இழுபறியின்போது வெளியே சண்டை நிற்கவில்லை. அமெரிக்கத் தரப்பின் மொத்த இழப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது பேச்சுவார்த்தை தொடங்கியபிறகு ஏற்பட்டதுதான்.

முடிச்சை அவிழ்த்ததில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. 1952 டிசம்பரில் வி.கே. கிருஷ்ண மேனன் கொண்டுவந்த தீர்மானம் ஐ.நா.வில் நிறைவேறியது. நடுநிலை நாடுகளின் குழுவிடம் கைதிகளை ஒப்படைக்கலாம் என்றது அது. அப்போது சோவியத் தரப்பு அவரைத் திட்டித் தீர்த்தது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் செத்தபிறகு ஏறக்குறைய அதே ஏற்பாட்டுக்கு வந்தார்கள். குழுவுக்கு ஜெனரல் திம்மையா தலைவர். ஐ.நா. தரப்பிலிருந்து 22,000-க்கும் மேற்பட்ட கைதிகள், எதிர்த்தரப்பிலிருந்து 359 பேர் வந்தார்கள். அவரவர் நாட்டு அதிகாரிகள் கூடாரத்தில் உட்கார்ந்து, திரும்பி வா என்று பேசிப்பார்க்க 90 நாள். பெரும்பாலோர் அந்தக் கூடாரத்துக்கே போக மறுத்தார்கள். சீனக் கைதிகளில் 14,000-க்கும் மேற்பட்டோர் தைவான் போனார்கள். அமெரிக்கர்களில் 21 பேர் சீனா போனார்கள்.

88 பேர் இரண்டு பக்கமும் வேண்டாம், நடுநிலை நாட்டுக்கு அனுப்புங்கள் என்றார்கள். நம் காவல்படையோடு கப்பலேறி இந்தியா வந்தார்கள். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள், சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். வடக்கு தெற்கு இரண்டையும் நேரில் பார்த்தவர்கள் இவர்கள், ஆனால் பனிப்போர் பற்றிய பெரிய விவாதங்களில் இவர்கள் தரப்பு வருவதே இல்லை. இவர்களைப் பற்றி யாருக்காவது இன்னும் தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.